காவலர், எஸ்.ஐ., டி.எஸ்.பி., ஐ.பி.எஸ்.: எந்த வாசல் யாருக்கு?

"பட்டம் முடித்துவிட்டேன். காவலர் தேர்வு எழுதுவதா, எஸ்.ஐ. அறிவிப்பு வரும்வரை காத்திருப்பதா?" "குரூப் 1 படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் காவலர் வேலையில் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் அதோடு நின்றுவிடுமா?" தமிழ்நாடு காவல்துறையில் சேர விரும்பும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்த இரண்டு கேள்விகள்தான். கேட்கிறவர்களில் பலர் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள். அப்பா கட்டட வேலைக்கோ ஆட்டோ ஓட்டவோ போய்க்கொண்டிருப்பார். பிள்ளை நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த வீடு ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் "உயர்ந்ததற்கு முயற்சி செய்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்த நான்கு பதவிகளையும் ஒரே வரிசையின் மேல்படி, கீழ்ப்படியாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஐ.பி.எஸ். கிடைக்காவிட்டால் டி.எஸ்.பி., அதுவும் இல்லையென்றால் எஸ்.ஐ., கடைசியில் காவலர் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தேர்வு வேறு, உடல்தகுதி வேறு, பயிற்சி வேறு. சேர்ந்த முதல் பத்தாண்டில் கையால் செய்யப்போகும் வேலையும் முற்றிலும் வேறு. ஒன்றுக்குத் தகுதியில்லாதவர் அதற்கு மேலுள்ள இன்னொன்றுக்குத் தகுதியானவராக இருக்கக்கூடும்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்: உடலளவு, வயதும் வீட்டின் பொறுமையும், பயிற்சி, முதல் பத்தாண்டு வேலை, அதற்குப் பிந்தைய வளர்ச்சி. சம்பளத்தைத் தனியாகச் சேர்க்கவில்லை. அது பதவியோடு தானாக வந்துவிடும்.

முதலில் உயரம். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் அதிகம் அழுதிருக்கிறார்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் காவலர், எஸ்.ஐ. தேர்வுகள் இரண்டிலும் ஆண்களுக்குக் குறைந்தபட்சம் 170 செ.மீ. வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 1 தேர்வு வழியாக டி.எஸ்.பி. ஆவதற்கோ ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 155 போதும். ஐ.பி.எஸ்.ஸுக்கு ஆண்களுக்கு 165, பெண்களுக்கு 150.

168 செ.மீ. உயரமுள்ள ஒரு பி.சி. வகுப்பு இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும், காவலராக முடியாது, எஸ்.ஐ.யும் ஆக முடியாது. அதே இளைஞர் அவர்களுக்கெல்லாம் அதிகாரியாக வர விதியில் தடை இல்லை. 156 செ.மீ. உயரமுள்ள பெண்ணின் நிலையும் அதுதான். காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது, உயரம் அளப்பது அதற்குப் பிறகு. ஓராண்டு படித்து, எழுத்துத் தேர்வில் தேறி, அழைப்புக் கடிதத்தோடு மைதானத்துக்கு வந்து, வெறுங்காலில் அளவுகோலின் கீழ் நின்ற பிறகுதான் அரை சென்டிமீட்டர் குறைவு என்று தெரிகிறது. குதிகாலை உயர்த்த விடமாட்டார்கள், முடியை அழுத்தித்தான் அளப்பார்கள். எனவே படிக்கத் தொடங்கும் முன்பே அரசு மருத்துவமனையிலோ உடற்கல்வி ஆசிரியரிடமோ சரியான அளவுகோலில் அளந்துகொள்ளுங்கள். மனித உயரம் காலையில் சற்றுக் கூடுதலாகவும் மாலையில் சற்றுக் குறைவாகவும் இருக்கும். இரண்டு வேளையும் அளந்து, குறைவான எண்ணையே உங்கள் உயரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற அளவுகளைக் கீழே அட்டவணையில் தொகுத்திருக்கிறேன். வயது வரம்பும் விதிகளும் அவ்வப்போது திருத்தப்படுபவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரிக்கு வரி படித்துவிடுங்கள்.

| | காவலர் (2ஆம் நிலை) | எஸ்.ஐ. | டி.எஸ்.பி. | ஐ.பி.எஸ். |
|---|---|---|---|---|
| தேர்வு நடத்துவது | சீருடைப் பணியாளர் தேர்வாணையம் | சீருடைப் பணியாளர் தேர்வாணையம் | டி.என்.பி.எஸ்.சி. (குரூப் 1) | யு.பி.எஸ்.சி. |
| கல்வி | 10ஆம் வகுப்பு | பட்டம் | பட்டம் | பட்டம் |
| உச்ச வயது: பொது | 26 | 30 | 34 | 32 |
| உச்ச வயது: பி.சி., எம்.பி.சி. | 28 | 32 | 39 | 35 (ஓ.பி.சி.) |
| உச்ச வயது: எஸ்.சி., எஸ்.டி. | 31 | 35 | 39 | 37 |
| ஓட்டம், கயிறு ஏறுதல் போன்ற தேர்வு | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| நேர்காணல் | இல்லை | உண்டு | உண்டு | உண்டு |
| பயிற்சிக் காலம் | சுமார் 7 மாதம் | ஓராண்டு | ஓராண்டு | சுமார் 2 ஆண்டு |
| தொடக்க அடிப்படைச் சம்பளம் | ரூ.18,200 | ரூ.36,900 | ரூ.56,100 | ரூ.56,100 |

பயிற்சிக் கால வரிசையைப் பாருங்கள். பொதுமக்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் முகம் காவலருடையது. சாலையில் வண்டியை நிறுத்துகிறவரும், போராட்டக் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கிறவரும், நள்ளிரவில் புகாரோடு வரும் பெண்ணிடம் முதல் வார்த்தை பேசுகிறவரும் அவர்தான். அவருக்குத்தான் பயிற்சி மிகக் குறைவு. அந்த ஏழு மாதத்திலும் கவாத்து, துப்பாக்கி, உடற்பயிற்சி என்று மைதானம் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மூத்த காவலர்கள் பழைய பிரிவு எண்களையே சொல்லித்தருவார்கள். புதிதாகச் சேர்கிறவர் சட்டப் புத்தகத்தைத் தாமே வாங்கிப் படித்தாக வேண்டும்.

## இரண்டாம் நிலைக் காவலர்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தாளுக்கு 70 மதிப்பெண், உடல்திறன் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. கல்லூரியில் என்.சி.சி.யை வீண்வேலை என்று நினைத்து விட்டவர்கள் இந்த ஆறு மதிப்பெண்ணைப் பார்த்துப் பின்னால் வருந்துகிறார்கள்.

ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். இது தகுதிக்கான ஓட்டம்தான், இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆண்களுக்கு மதிப்பெண் தருபவை கயிறு ஏறுதல், தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். 100 மீட்டரை 15 நொடிக்குள் ஓடினால் ஒரு ஸ்டார் (மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் தரநிலை), 13.5 நொடிக்குள் ஓடினால் இரண்டு ஸ்டார். கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு. பட்டியலின் ஓரத்தில் நிற்பவரின் தலைவிதியை இந்தக் கடைசி ஒரு மீட்டர் கயிறு மாற்றிவிடும். எழுத்துத் தேர்வு முடிந்த பிறகு மைதானத்துக்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். உள்ளங்கைத் தோல் கயிற்றுக்குப் பழகவே பல வாரங்கள் பிடிக்கும்.

தேர்வானதும் உடனே காவல்நிலையத்தில் உட்காரலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. முதல் பணி ஆயுதப்படையில், அல்லது தமிழ்நாடு சிறப்புக் காவல்படைப் பட்டாலியனில்தான். பட்டாலியனுக்குப் போகிறவர்கள் ஆண்கள், பெண்களுக்குப் பெரும்பாலும் ஆயுதப்படை. மணிமுத்தாறு, பழனி, உளுந்தூர்பேட்டை, ஆவடி, இராஜபாளையம் என்று முகாம்கள் இருக்கின்றன. டெல்லி திகார் சிறையின் காவலில்கூட நம் பட்டாலியன் ஒன்று நிற்கிறது. பந்தோபஸ்து, பாரா எனப்படும் நிலைக்காவல், கைதி வழிக்காவல், வெளிமாநிலத் தேர்தல் பணி என்றே ஆண்டுகள் போகும். பட்டாலியனிலிருந்து ஆயுதப்படை, அங்கிருந்து 'தாலுகா' எனப்படும் உள்ளூர்க் காவல்நிலையம் என்று மாறிவருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஊரில் இருந்துகொண்டு வேலை பார்க்கலாம் என்ற எண்ணத்தில் சேருகிறவர்களைத்தான் இது கடுமையாகத் தாக்குகிறது. அதே தேர்வின் வழியே சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள். விருப்ப வரிசையை யோசிக்காமல் நிரப்பிவிடாதீர்கள். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வேலை மனத்துக்கு ஒவ்வாதவருக்குத் தீயணைப்புத் துறை உண்மையிலேயே நல்ல இடம்.

பதவி உயர்வைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்தாண்டு முடித்தால் முதல்நிலைக் காவலர், பிறகு ஏட்டு, இருபது ஆண்டுகளைத் தாண்டிய பிறகு சிறப்பு எஸ்.ஐ. இந்தப் பாதையிலேயே போனால் தோளில் நட்சத்திரம் ஏறும்போது தலை நரைத்திருக்கும். வார விடுமுறைக்கு 2021இல் அரசாணை வந்தது. பண்டிகை, தேர்தல், தலைவர்கள் வருகை என்று வந்துவிட்டால் அந்த நாளும் கைவிட்டுப் போகும். சங்கம் வைத்துக் கேட்கவும் வழியில்லை. காவல் படையினரின் சங்க உரிமையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது.

ஆனாலும் வீட்டில் வருமானம் உடனே தேவைப்படுகிறவருக்கு இதைவிட நேர்மையான வாசல் எனக்குத் தெரியவில்லை. கையில் மாதச் சம்பளம் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, எஸ்.ஐ. நேரடித் தேர்வில் 20 சதவீத இடங்கள் துறைக்குள் இருப்பவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வரையறுத்த பணிக்காலத்தை முடித்த காவலர் அந்தப் பிரிவில் போட்டியிடலாம். வயது வரம்பிலும் அவருக்குப் பெரிய தளர்வு உண்டு. 'சேர்ந்தால் அதோடு நின்றுவிடுமா' என்று கேட்டவருக்கு இதுவே பதில். நிற்பதும் மேலே போவதும் முதல் மூன்று ஆண்டில் புத்தகத்தைத் தொடுகிறீர்களா என்பதைப் பொறுத்தது. பன்னிரண்டு மணி நேரப் பந்தோபஸ்து முடித்து வந்து படிப்பது லேசான காரியமில்லை. பட்டாலியன் முகாமில் அப்படிப் படித்து எஸ்.ஐ. ஆனவர்களை ஒவ்வொரு மாவட்டத்திலும் பார்க்கலாம்.

## உதவி ஆய்வாளர் (எஸ்.ஐ.)

பட்டதாரிக்கு, உயரமும் இருந்தால், முதல் முயற்சி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எழுத்துத் தேர்வுக்கு 70, உடல்திறனுக்கு 15, நேர்காணலுக்கு 10, சிறப்பு மதிப்பெண் 5. ஓட்டமும் உயரமும் காவலர் தேர்வைப் போலவே என்பதால் ஒரே உழைப்பு இரண்டுக்கும் பயன்படும். பள்ளி முதல் பட்டம்வரை தமிழ்வழியில் படித்தவருக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்கி வைக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு மூடப்பட்ட பள்ளியின் பதிவேட்டைத் தேடி அலைந்தவர்கள் உண்டு.

பயிற்சி, வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் உள்ள தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகத்தில் ஓராண்டு. சட்டம், புலன்விசாரணை, தடயவியல், சைபர் குற்றம் என்று வகுப்பறைக்கும் இங்கே உரிய இடம் இருக்கிறது.

எஸ்.ஐ.யின் வேலை எப்படி மாறுபடுகிறது என்பதை ஒரு வழக்கை வைத்துப் பார்த்தால் புரியும். இரவு பதினொரு மணிக்கு ஒரு அடிதடிப் புகார் வருகிறது. எந்தப் பிரிவில் முதல் தகவல் அறிக்கை போடுவது, காயத்தின் தன்மை என்ன, யாரைக் கைது செய்வது, யாருக்கு அழைப்பாணை மட்டும் கொடுத்து அனுப்புவது என்பதையெல்லாம் அந்த மேசையில் இருக்கும் எஸ்.ஐ. அரைமணி நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். ரைட்டர் எழுதுவார், கையெழுத்து எஸ்.ஐ.யுடையது. சி.டி. ஃபைல் எனப்படும் வழக்கு நாட்குறிப்பில் ஒரு தேதி பிசகினால் இரண்டு ஆண்டு கழித்துக் குறுக்கு விசாரணையில் கூண்டில் நிற்கப்போகிறவரும் அவரே. ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், மேலதிகாரி என்று மூன்று பக்கத்திலிருந்தும் அலைபேசி அடித்துக்கொண்டிருக்கும்.

அதிகாரத்தோடு வரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் சித்திரவதைக்குப் பிறகு உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஆய்வாளர், எஸ்.ஐ.க்கள், காவலர்கள் என எல்லாப் படிநிலையினரும் இருந்தார்கள். அதே நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்தான் நீதித்துறை நடுவரிடம் நடந்ததைத் துணிந்து சொன்னார். மேலிருந்து 'கவனி' என்று ஒரு சொல் வரும் இரவில் மறுக்கும் திடம் தனக்கு இருக்கிறதா என்பதைச் சேரும் முன்பே தன்னிடம் கேட்டுக்கொள்ளாத எவரும் இந்தச் சீருடைக்கு வர வேண்டாம். இதைக் கடுமையாகச் சொல்வதற்காக நான் வருந்தவில்லை.

எஸ்.ஐ. தேர்வின் மறைமுகச் செலவு காத்திருப்பு. காவலர் அறிவிப்பைப் போல இது அடிக்கடி வருவதில்லை. வந்தாலும் பணியிட எண்ணிக்கை குறைவு, முடிவுகள் நீதிமன்ற வழக்குகளில் சிக்குவதும் உண்டு. 'எஸ்.ஐ. மட்டும்தான்' என்று நான்கு ஆண்டு உட்கார்ந்தவர், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினராக இல்லாவிட்டால், 29 வயதில் காவலர் வயது வரம்பையும் தாண்டிவிட்டிருப்பார். இன்னொன்று, எஸ்.ஐ. என்றாலே காவல்நிலையம் இல்லை. தாலுகா, ஆயுதப்படை, சில அறிவிப்புகளில் சிறப்புக் காவல்படை என்று பிரிவு பிரிவாக ஆள் எடுக்கிறார்கள். புலன்விசாரணையில் ஆர்வமுள்ளவர் தாலுகாவை முதலில் குறிக்க வேண்டும்.

திருநர்களுக்கும் இந்த வாசல் திறந்திருக்கிறது. திருநங்கையான பிரித்திகா யாஷினி 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடித் தீர்ப்புப் பெற்று, 2017இல் எஸ்.ஐ.யாகப் பொறுப்பேற்றார். காவலர் தேர்விலும் திருநர்களுக்கு வயது வரம்புத் தளர்வு இருக்கிறது.

## டி.எஸ்.பி.: குரூப் 1 வழி

இங்கே ஓட வேண்டாம், கயிறு ஏற வேண்டாம். உயரமும் மார்பளவும் சரியாக இருந்தால் போதும். மீதி எல்லாம் பேனாவின் வேலை: கொள்குறி வகை முதல்நிலைத் தேர்வு, விரிவாக எழுதும் முதன்மைத் தேர்வு, நேர்காணல். ஓராண்டுப் பயிற்சியும் ஊனமாஞ்சேரியில்தான்.

பதவியின் எடை சட்டத்திலேயே இருக்கிறது. எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சாதி வன்முறை நடக்கும் ஒரு மாவட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பது, இருபத்தாறு வயதில் உட்கோட்டப் பொறுப்புக்கு வரும் ஓர் அதிகாரியின் முதுகெலும்பைப் பொறுத்திருக்கிறது. சமூக அக்கறையோடு துறைக்கு வர நினைக்கிற, நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகளை நான் இந்தப் பக்கம்தான் தள்ளுவேன். எட்டாண்டுப் பணிக்குப் பிறகு ஐ.பி.எஸ். அந்தஸ்துக்குப் பரிசீலிக்கப்படும் தகுதியும் வருகிறது. ஐ.பி.எஸ். பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்கு மாநிலக் காவல் பணியிலிருந்து உயர்கிறவர்களுக்கு உரியது. நடைமுறையில் அந்த முறை வரக் கூடுதல் ஆண்டுகள் ஆகும்.

இடையூறு எண்ணிக்கைதான். 2022 குரூப் 1 அறிவிப்பில் டி.எஸ்.பி. இடங்கள் 26. 2025இல் வெறும் 7. மாநிலம் முழுவதற்கும், எல்லா ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கும் சேர்த்து ஏழு. அறிவிப்பிலிருந்து பணி ஆணைவரை ஓராண்டுக்கு மேல் ஆகும். குரூப் 1 எழுதுகிறவர் டி.எஸ்.பி.க்காக மட்டும் எழுதக் கூடாது. துணை ஆட்சியர், வணிகவரி உதவி ஆணையர், கூட்டுறவுத் துணைப் பதிவாளர் என்று எது கிடைத்தாலும் மனநிறைவோடு போகத் தயாராக இருப்பவருக்கே இந்த வழி. சீருடைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு எஸ்.ஐ. தேர்வு பாதுகாப்பானது.

## ஐ.பி.எஸ்.

இதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது என்பதால் பலரும் விட்டுவிடும் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, ஓ.பி.சி. சான்றிதழ். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. ஒதுக்கீட்டுக்கு கிரீமி லேயர் (வசதி படைத்தவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் வரம்பு) கிடையாது. மத்திய அரசுத் தேர்வில் உண்டு. மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா, பெற்றோரின் பணிநிலையும் வருமானமும் வரம்புக்குள் வருகின்றனவா என்று பார்க்காமல் 35 வயதுவரை காலம் இருக்கிறது என்று நம்பியிருப்பவர்கள் 32 வயதில் திகைத்து நிற்பார்கள். பொதுப் பிரிவுக்கு 6 முறை, ஓ.பி.சி.க்கு 9 முறை என்ற வரம்பும் இருக்கிறது.

இரண்டாவது, மாநில ஒதுக்கீடு. தமிழ்நாட்டில்தான் பணி என்று யாரும் உறுதி தர முடியாது. நேரடி நியமனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடங்களே சொந்த மாநிலத்தவருக்கு. வயதான பெற்றோரை விட்டு முப்பது ஆண்டு அசாமிலோ சத்தீஸ்கரிலோ வாழ முடியுமா என்று யோசியுங்கள்.

மூன்றாவது, பணம். சென்னையிலோ டெல்லியிலோ தங்கிப் படிக்கும் செலவு பல குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. சென்னை கிரீன்வேஸ் சாலையில் உள்ள அரசுப் பயிற்சி மையம் கட்டணமில்லாமல் கற்றுத்தருகிறது. தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் நுழைவுத் தேர்வு வைத்து ஆயிரம் பேருக்கு மாதம் ரூ.7,500 வீதம் பத்து மாதம் கொடுக்கிறார்கள். முதல்நிலைத் தேர்வில் தேறினால் ரூ.25,000. காவலர், எஸ்.ஐ., குரூப் தேர்வுகளுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இருக்கின்றன. இவற்றையெல்லாம் முயன்று பார்க்காமல் நகையை அடகு வைத்துத் தனியார் மையத்தில் சேர்க்க வேண்டாம் என்று பெற்றோரைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

பயிற்சியைப் பொறுத்தவரை இதற்கு இணை இல்லை. முசூரியில் அடிப்படைப் பயிற்சி, ஹைதராபாத்தில் சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் அகாடமியில் நீண்ட பயிற்சி, நடுவே ஒதுக்கப்பட்ட மாநிலத்தில் மாவட்ட நடைமுறைப் பயிற்சி. குதிரையேற்றமும் நீச்சலும் சட்டமும் ஒருசேரக் கற்றுத்தருகிறார்கள். நுழைவுத் தேர்வில் ஓட்டம் இல்லையே என்று உடலைக் கவனிக்காமல் விட்டவர்கள் அங்கே போய்ப் படும் பாடு கொஞ்சமில்லை.

## பழைய வழக்கு என்னும் பொதுத் தடை

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காவலர்களின் தகுதியை நிர்ணயிக்க 1959 முதல் தனி ஆணையம் இருக்கிறது. தவறு செய்தவரின் பணிச் சான்றைப் பறிக்கும் அதிகாரத்தை 2021இல் ஒரு சட்டம் அதற்குக் கொடுத்தது. சான்று போனால் அந்த மாநிலத்தின் எந்த ஊரிலும் அவர் காவலராக முடியாது. நம்மிடம் அப்படித் தனிச் சான்று முறை இல்லை. இங்கே சல்லடை பெரும்பாலும் நுழையும்போதே வைக்கப்படுகிறது. அதன் பெயர் நன்னடத்தை, முன்வரலாறு சரிபார்ப்பு.

ஊர்த் திருவிழாவில் ஒரு கைகலப்பு. இருபது பேர் மேல் போட்ட முதல் தகவல் அறிக்கையில் பதினேழாவது பெயராகக் கல்லூரி மாணவர் ஒருவரையும் சேர்த்துவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் சமாதானமாகி, சாட்சிகள் பிறழ்ந்து, எல்லோரும் விடுதலை. 'வழக்கு முடிந்துவிட்டது' என்று அவர் விண்ணப்பத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனாலோ சாட்சிகள் பிறழ்ந்ததாலோ விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். அதைவிடப் பெரிய பிழை மறைத்தது. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையை மறைத்தவர்களை எப்போது நீக்கலாம், எந்தச் சின்ன வழக்குகளைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று வழிமுறைகள் வகுத்தது. அந்தச் சலுகையை நம்பி மறைப்பது தீக்குளிப்பதற்குச் சமம். பெயர் எந்த வழக்கிலாவது இருந்தால் இப்போதே வழக்கறிஞரைப் பார்த்து, உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

## யாருக்கு எது

பத்தாம் வகுப்போ பிளஸ் 2வோ முடித்து, உயரமும் இருந்து, வீட்டில் வருமானம் தேவையென்றால் காவலர் தேர்வுக்குப் போங்கள். சேர்ந்தபின் தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்து, துறை ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. எழுதுங்கள். பட்டம் தொலைநிலையில் இருக்கலாம், ஆனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசை குலையக் கூடாது.

பட்டம் முடித்து 25 வயதுக்குள் இருக்கிறவர் எஸ்.ஐ.க்கு முழுமூச்சாகப் படிக்கலாம். இடையில் வரும் காவலர் தேர்வைத் தவறவிட வேண்டாம். இரண்டுக்கும் மைதானம் ஒன்றுதான், பொது அறிவும் உளவியலும் ஏறக்குறைய ஒன்றுதான். காவலர் பணி கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள் என்றே சொல்வேன். வீட்டின் நெருக்கடி குறைந்த பிறகு படிக்கும் படிப்புக்குத் தெளிவு அதிகம்.

உயரம் 165க்கும் 170க்கும் நடுவில் உள்ள ஆண்களும், 155க்கும் 159க்கும் நடுவில் உள்ள பெண்களும், எஸ்.சி., எஸ்.டி. தளர்வு பொருந்தாதவர்களாக இருந்தால், சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தின் பக்கம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். குரூப் 1, அதோடு குரூப் 2 என்று டி.என்.பி.எஸ்.சி. பாதைக்குத் திரும்புங்கள். பாடத்திட்டம் பெருமளவு ஒத்துப்போகும். குரூப் 2வில் கிடைக்கும் வேலை வீட்டைத் தாங்கும், குரூப் 1 கனவையும் கெடுக்காது.

ஐ.பி.எஸ். மட்டுமே இலக்கு என்பவர்கள் மூன்று முயற்சிகளுக்குள் ஒருமுறையாவது முதன்மைத் தேர்வுவரை போகவில்லை என்றால், நான்காவதை வேலையில் இருந்தபடி எழுதுங்கள். 26, 28 என்ற காவலர் வயது வரம்பும், 30, 32 என்ற எஸ்.ஐ. வயது வரம்பும் எந்த மாதம் முடிகின்றன என்பதை இன்றே பிறந்த தேதியை வைத்துக் கணக்கிட்டு, படிக்கும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவிடுங்கள்.